அப்பார்ட்மென்ட் வீட்டுக்குத் துப்பாக்கி வாங்குவதற்கு முன்: சுவரில் இருந்து தொடங்குங்கள்

டாலஸ், ஹியூஸ்டன், ஆஸ்டின் பக்கம் அப்பார்ட்மென்ட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், கிரீன் கார்டு வந்த கையோடு சிலர் கேட்கும் கேள்வி இது: "வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாமா? எது வாங்கலாம்?" கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் நூறு மாடல்கள் இருக்கும். விற்பவர் உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தையின் கட்டில் எந்தச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதை யோசிக்க வேண்டியவர் நீங்கள்தான். தனி வீட்டுக்காரருக்கும் அப்பார்ட்மென்ட்காரருக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் அதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் துப்பாக்கியை விடச் சுவரைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில், உங்களுக்கு அனுமதி உண்டா?

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் அனுமதிக்கப்பட்டு வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. சிலர் இதைக் குறுக்கு வழியாகச் சொல்லிக் கொடுப்பார்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த வழியில் இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி சம்பந்தமான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தப்படும் நிலை வரலாம் என்பதை எப்போதும் மனதில் வையுங்கள்.

நம் வீடுகளில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கணவருக்குக் கிரீன் கார்டு இருக்கும், மனைவி இன்னும் தற்காலிக விசாவில் இருப்பார். அல்லது அப்பா அம்மா பி-2 விசாவில் ஆறு மாதத்துக்கு வந்திருப்பார்கள். சட்டப்படி வைத்திருக்கக் கூடாதவர்களின் கைக்குத் துப்பாக்கி போகும்படி இருக்கக் கூடாது. துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியின் திறப்பு எண் வாங்கியவருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மாமாவும் ஒருதடவை சுட்டுப் பார்க்கட்டும்" என்று ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்கு, அழைத்துப் போவதும் அவருக்குச் சட்டச் சிக்கலைக் கொண்டுவரலாம்.

உரிமம் பெற்ற கடையில் வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதன் பிறகு 1998-இல் இருந்து இயங்கும் எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை நடக்கும். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். படிவத்தில் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்று ஒரு கேள்வி இருக்கும். தடை உள்ள நண்பருக்காகவோ உறவினருக்காகவோ உங்கள் பெயரில் வாங்கினால் அது மத்தியக் குற்றம். கஞ்சா பயன்பாடு பற்றியும் கேட்பார்கள். உங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி கிடைத்தாலும் மத்தியச் சட்டம் அதை ஏற்பதில்லை என்று அந்தப் படிவமே எச்சரிக்கும். அப்புறம், அப்பார்ட்மென்ட் மாறிக்கொண்டே இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் பலர் கடையில் இருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். அதை முதலில் மாற்றிவிட்டுப் போங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். டெக்சஸில் வாங்குவதற்கென்று தனி மாநில அனுமதி தேவையில்லை. கலிஃபோர்னியாவில் எழுத்துத் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற வேண்டும், பத்து நாள் காத்திருக்கவும் வேண்டும். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்பதற்கென்று மாநிலம் தரும் அடையாள அட்டை, நியூ யார்க்கில் வீட்டில் வைக்கவே கைத்துப்பாக்கி உரிமம், நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி. லீஸ் ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசியுங்கள். டெக்சஸில் 2019-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, வாடகைதாரர் சட்டப்படி வீட்டில் துப்பாக்கி வைப்பதை வீட்டு உரிமையாளர் பொதுவாகத் தடுக்க முடியாது. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை.

கதவைப் பலப்படுத்துங்கள்

துப்பாக்கிக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கதவுக்குச் செலவழியுங்கள், அதுவும் முதலில். டெக்சஸ் சட்டப்படி வாடகை வீட்டு வாசல் கதவில் வெளியே பார்க்கும் துளையும், சாவி இல்லாமல் உள்ளிருந்து மட்டும் போடும் தாழ்ப்பாளும் இருக்க வேண்டும். புதுக் குடித்தனம் வந்த 7 நாளுக்குள் பூட்டின் சாவியை மாற்றித் தரவும் வேண்டும். செய்தார்களா என்று அலுவலகத்தில் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கதவு நிலையில் பூட்டு நாக்கு நுழையும் உலோகத் தகட்டைப் பல இடங்களில் குட்டித் திருகாணிகளால் பொருத்தியிருப்பார்கள். அவற்றை எடுத்துவிட்டு மூன்று அங்குலத் திருகாணி போடச் சொன்னால் தகடு உள்ளே உள்ள மரச்சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும். தரைத்தளத்தில் தள்ளு கண்ணாடிக் கதவு இருந்தால், அதன் தடத்தில் ஒரு மரக்கட்டையைப் படுக்க வையுங்கள். இவ்வளவும் செய்தால், ஒருவன் உள்ளே வர எடுக்கும் நேரம் கூடும். படுக்கையறைக் கதவைப் பூட்டி 911-ஐ அழைக்க அந்த நேரம்தான் வேண்டும்.

சுவர் என்று நாம் நினைப்பது

நம் ஊரில் சுவர் என்றால் செங்கல். அமெரிக்க அப்பார்ட்மென்ட்டின் உட்சுவர் என்பது பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவே மரச்சட்டமோ தகரச்சட்டமோ, மீதி வெற்றிடம் அல்லது பஞ்சு. சட்டங்கள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்று நிற்கும், இடையில் எதுவும் இல்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சுவரில் தீ பரவாமல் இருக்க இன்னும் தடிமனான பலகை போடுவார்கள். அது தீயைத் தாமதப்படுத்தும், தோட்டாவை நிறுத்தாது. கான்கிரீட் உயர்மாடிக் கட்டடங்களிலும் வீடுகளைப் பிரிக்கும் சுவர் பல நேரம் இதே ஜிப்சம்தான். மரக் கட்டடங்களில் தரையும் கூரையும் கூட நம்ப முடியாதவை: மரப்பலகை மேல் மெல்லிய சிமென்ட் பூச்சு, கீழே ஜிப்சம். "கீழே பார்த்துச் சுட்டால் ஆபத்தில்லை" என்பது அங்கே பொய்.

ஆகவே ஒரு மாலை நேரம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் வீட்டின் வரைபடம் போடுங்கள். எந்தச் சுவருக்குப் பின்னால் பக்கத்து வீடு, எதற்குப் பின்னால் பொது நடைபாதை, எதற்குப் பின்னால் உங்கள் பிள்ளைகள் படுக்கும் அறை, எது வெளிச்சுவர் என்று குறியுங்கள். பிறகு நீங்கள் இரவில் நிற்கப்போகும் இடத்தில், அதாவது உங்கள் படுக்கையறையில், நின்று அறைக் கதவைப் பாருங்கள். அந்தக் கோட்டை நீட்டினால் எங்கே போய் முடிகிறது? செங்கல் முகப்பு உள்ள வெளிச்சுவரில் முடிந்தால் கொஞ்சம் நல்லது. பக்கத்து வீட்டு வரவேற்பறையில் முடிந்தால் கட்டிலை நகர்த்தி, நிற்கும் மூலையை மாற்றிப் பாருங்கள். எந்த மூலையில் நின்றாலும் கோடு யாராவது ஒருவர் வீட்டுக்குள்தான் போகிறது என்றால், துப்பாக்கி உங்களுக்கு ஏற்ற வழி அல்ல என்று முடிவு செய்வதும் சரியான முடிவுதான். உறுதியான கதவு, அலாரம், மிளகுத் தெளிப்பான் என்று நின்றுகொள்ளலாம். அப்படி நின்றுகொண்ட குடும்பங்களை நான் மதிக்கிறேன்.

எந்த வகைத் துப்பாக்கி?

கைத்துப்பாக்கி, ஷாட்கன், ரைஃபிள் என்ற மூன்றில் ஒன்று. ஷாட்கன் பற்றி இரண்டு கதைகள் சுற்றுகின்றன. ஒன்று, குண்டை உள்ளே ஏற்ற அதன் பிடியை இழுக்கும் சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் என்பது. ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். அந்தச் சத்தம் நீங்கள் நிற்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, ஷாட்கன் குண்டு சுவரைத் தாண்டாது என்பது. பாதுகாப்புக்கென்று பரவலாக விற்கும் டபுள் ஆட் பக்‌ஷாட்டில் ஒவ்வொரு உருண்டையும் ஏறத்தாழ 8.4 மி.மீ. விட்டம். ஒரு தோட்டாவில் வழக்கமாக எட்டு ஒன்பது உருண்டைகள் இருக்கும். அவை வரிசையாகப் பல ஜிப்சம் சுவர்களைத் துளைத்துப் போகும். பறவை வேட்டைக்கான பொடிக் குண்டு சுவரில் சீக்கிரம் வேகம் இழக்கும் என்பது உண்மை. ஆனால் கிட்டத்தில் அதுவும் ஒரு சுவரைத் தாண்டும், நோக்கத்துக்குப் போதுமான ஆழமும் தராது. ஷாட்கன்தான் என்று முடிவு செய்தால் 20 கேஜில் (12 கேஜை விடச் சிறிய குழல் அளவு) சிறிய பக்‌ஷாட் ஓரளவு நடுவழி. 12 கேஜ் உதை பழகாதவர்களுக்குக் கடினம், அடுத்த குண்டை இழுக்க மறப்பதும் பதற்றத்தில் நடக்கும்.

ரைஃபிள் விஷயம் கேட்பதற்கு முரணாகத் தோன்றும். பாயிண்ட் 223 அளவில் 55 கிரெய்ன் எடை போன்ற லேசான, வேகமான தோட்டா, ஜிப்சம் பலகையைத் தொட்டதும் தடுமாறி உடையத் தொடங்கும். சுவர்களைத் துளைப்பதில் அது பல சோதனைகளில் 9 மி.மீ. தோட்டாவை விடக் குறைவாகவே போயிருக்கிறது. ஆனால் 'குறைவாக' என்பதை 'போகாது' என்று படிக்காதீர்கள். ஓரிரு சுவரைத் தாண்டும். அறைக்குள் சத்தமும் கொடுமையாக இருக்கும். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, இல்லினாய் போன்ற இடங்களில் இந்த வகை ரைஃபிள்களுக்குக் கடும் தடைகள் உண்டு. குறுகலான நடையில் நீளமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மறுகையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, தோளில் போனை இடுக்கி 911-இல் பேசுவதும் எளிதல்ல.

எல்லாம் கணக்கிட்டால், முதல்முறை வாங்கும் அப்பார்ட்மென்ட்காரருக்கு நான் சொல்வது நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டல். காரணம் பூட்டி வைப்பது: சிறிய பெட்டிக்குள் அடங்கும், கட்டிலுக்குப் பக்கத்திலேயே பூட்டி வைக்கலாம், ஒரு கையால் எடுக்கலாம். கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 9 போன்றவை பரவலாகக் கிடைக்கும், உதிரியும் பயிற்சியும் எளிது. மேல்பகுதியை இழுக்கக் கையில் பலம் போதவில்லை என்றால் அதே நிறுவனத்தின் ஷீல்ட் ஈஸி வரிசையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதற்கென்றே இலகுவாகச் செய்தது. மிகச் சிறிய பாக்கெட் பிஸ்டலை வாங்காதீர்கள். அது ஒளித்து எடுத்துச் செல்லச் செய்தது. கையில் துள்ளும், குறி தவறும். சில மாநிலங்களில் மேகசினுக்கு (தோட்டாக்களை அடுக்கும் கூடு) பத்துத் தோட்டா என்ற வரம்பு இருக்கிறது, அதற்கேற்ற மாடலையே கேளுங்கள்.

பிஸ்டலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வகையில் நேராகச் சுடுவதற்கு மிகக் கடினமானது அதுதான். சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும் தோட்டாவில் நாம் அஞ்ச வேண்டியது குறி தவறியதைத்தான். எந்தத் தோட்டா வாங்கினாலும் அதை ஈடுகட்ட முடியாது, பயிற்சி மட்டுமே ஈடுகட்டும். வாங்குவதற்கு முன்பே ஒரு ரேஞ்சில் ஆரம்ப வகுப்பில் சேர்ந்து, வாடகைக்கு இரண்டு மூன்று மாடல்களைச் சுட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

தோட்டா

பயிற்சித் தோட்டா வேறு, வீட்டில் வைக்கும் தோட்டா வேறு. பயிற்சிக்கு வாங்கும் 50 எண்ணிக்கைப் பெட்டியில் இருப்பது முழுக்கச் செம்பு உறை போட்ட தோட்டா. மலிவு, ஆனால் உருமாறாமல் ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும். அதை வீட்டில் நிரப்பி வைக்கக் கூடாது. வீட்டுக்கு ஹாலோ பாயிண்ட், அதாவது முனையில் குழி உள்ளது. உடலில் பட்டதும் முனை விரிந்து வேகம் குறையும். 1986-இல் மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் உயிரிழந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அந்த அமைப்பு ஒரு சோதனை முறையை உருவாக்கியது. உடல் தசைக்கு மாற்றாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் ஆழம் போக வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்ட் டாட் போன்ற தோட்டாக்கள் இந்த அளவுகோலை வைத்து வடிவமைக்கப்பட்டவை.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஹாலோ பாயிண்ட் சுவரில் நிற்கும் என்று நினைப்பார்கள். நிற்காது. ஜிப்சம் தூள் முனைக் குழியை அடைத்துவிட்டால், அது விரியாமல் சாதாரணத் தோட்டா போலவே அடுத்தடுத்த சுவர்களுக்குள் போகும். அதன் பயன் குறி தவறாதபோது மட்டுமே. பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் வாசியுங்கள். ஹார்னடி நிறுவனத்தில் 'கிரிட்டிக்கல் டியூட்டி' என்பது கார்க் கண்ணாடி, கதவு போன்ற தடைகளைத் தாண்ட வேண்டிய காவல்துறைக்காகச் செய்தது. அப்பார்ட்மென்ட்டுக்கு அது தேவையில்லை. 'பிளஸ் பி' என்று போட்ட கூடுதல் அழுத்தத் தோட்டாவும் வேண்டாம்: உதை கூடும், அடுத்த குறி தாமதமாகும். சாதாரண அழுத்தத்தில் 124 அல்லது 147 கிரெய்ன் போதும். நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட்டை வீட்டில் வைக்கலாம், கடையில் இருந்து வீட்டுக்கும் ரேஞ்சுக்கும் கொண்டுபோகலாம். வேறு இடங்களுக்குச் சும்மா எடுத்துப்போனால் குற்றமாகலாம்.

தேர்ந்தெடுத்த தோட்டாவில் ஓரிரு பெட்டியை உங்கள் பிஸ்டலிலேயே சுட்டுப் பார்த்து, சிக்காமல் ஓடுகிறதா என்று உறுதி செய்த பிறகே வீட்டில் நிரப்புங்கள்.

பூட்டு

பிள்ளைகள் உள்ள வீட்டில் தலையணைக்கு அடியிலும் அலமாரி உச்சியிலும் வைப்பது பேச்சுக்கே இடமில்லாதது. ஐந்து வயதுக் குழந்தை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும், நமக்குத் தெரியும். விரைவாகத் திறக்கும் சிறு இரும்புப் பெட்டி வாங்குங்கள். பேட்டரி இல்லாமல் பொத்தான்களை வரிசைப்படி அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு நம்பகமானது. பெட்டியோடு வரும் கம்பி வடத்தால் கட்டிலின் இரும்புச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிப்போவான். கண்ணை மூடிக்கொண்டு இருட்டில் திறந்து பழகுங்கள், துப்பாக்கியை இறக்கிவைத்துவிட்டு, வெறும் பெட்டியோடு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. லே-ஆஃப், விசாக் கவலை, தனிமை, பதின்வயதுப் பிள்ளையின் மன உளைச்சல், எல்லாம் நம் வீடுகளிலும் உண்டு, வெளியே சொல்வதுதான் குறைவு. வீட்டில் யாராவது மனதளவில் சரியில்லை என்று தோன்றினால், இப்போது வாங்காதீர்கள். ஏற்கனவே இருந்தால் வீட்டை விட்டு வெளியே வைக்க ஏற்பாடு செய்யுங்கள். சில கடைகளும் ரேஞ்சுகளும் பாதுகாப்பாக வைத்துத் தருகின்றன. 988 என்ற மனநெருக்கடி உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

யார் வந்திருப்பது?

அப்பார்ட்மென்ட்டின் இன்னொரு ஆபத்து எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருப்பது. 2018 செப்டம்பரில் டாலஸில், பணி முடிந்து திரும்பிய ஒரு பெண் போலீஸ் அதிகாரி, தன் வீட்டுக்கு நேர் மேல்தளத்தில் இருந்த வீட்டைத் தன் வீடு என்று நினைத்து நுழைந்தார். உள்ளே இருந்த போத்தம் ஜீன் என்ற 26 வயது இளைஞரைத் திருடன் என்று நினைத்துச் சுட்டார். அந்த இளைஞர் இருந்தது சொந்த வீட்டில். 2019-இல் நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்துப் பத்தாண்டுச் சிறை விதித்தது. துப்பாக்கிப் பயிற்சி பெற்ற ஒருவருக்கே இப்படி நடந்தது. உங்கள் கதவின் பிடியை இரவில் திருகுவது தளம் மாறி வந்த பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், உணவு கொண்டுவந்த பையனாக இருக்கலாம், விடியற்காலை நடைப்பயிற்சி முடித்து வந்து சாவியோடு போராடும் உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம்.

அதனால் கைவிளக்கு ஒன்று தனியாக வேண்டும். பிஸ்டலில் பொருத்தும் விளக்கு மட்டும் இருந்தால், யாரென்று பார்க்க வேண்டிய ஒவ்வொருவர் மேலும் துப்பாக்கியைத் திருப்ப வேண்டி வரும். முகம் தெரியாமல் சுடக்கூடாது, ட்ரிக்கரில் விரல் வைக்கவும் கூடாது. வீட்டுக்குள் தேடிக்கொண்டு போகாதீர்கள். எல்லோரும் ஓர் அறைக்கு வந்து, கதவைப் பூட்டி, 911-ஐ அழைத்து, வீட்டு எண்ணும் கட்டட எண்ணும் சொல்லி, "போலீஸ் வருகிறது" என்று உரக்கச் சொல்லுங்கள். வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை பொது இடம், உங்கள் வீடு அல்ல. அங்கே போய் நிற்கும்போது சட்டம் உங்களைப் பார்க்கும் விதம் மாறிவிடும். போலீஸ் உள்ளே வரும்போது கையில் எதுவும் இருக்கக் கூடாது.

வாங்கிய பிறகு

ரேஞ்சுக்கு மாதம் ஒருமுறையாவது போக முடியாதவர் வாங்காமல் இருப்பதே நல்லது. துப்பாக்கிச் சத்தம் 150 டெசிபலுக்கு மேல் போகும், 140-லேயே காது நிரந்தரமாகப் பழுதாகலாம். காதுக்குள் ஒன்று, மேலே ஒன்று என்று இரட்டைக் காப்பு போடுங்கள். படுக்கைப் பக்கத்துப் பெட்டிக்கு அருகிலும் ஒரு மின்னணுக் காதுக் காப்பு வைத்தால் மெல்லிய சத்தமும் கேட்கும், வெடிச்சத்தமும் அடங்கும். ரேஞ்சில் ஈயத்தூள் படியும். குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கையும் முகமும் கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

ஒரே தோட்டாவை ஒவ்வொரு முறையும் பயிற்சிக்காக இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால் அதன் தலை உள்ளே அழுந்திவிடும். அப்படி அழுந்திய தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகத் தெரிந்தால் எடுத்துவிட்டு, ரேஞ்சில் பழைய தோட்டாக்களைப் போடும் டப்பாவில் போடுங்கள். மீதியை ஆண்டுக்கு ஒருமுறை ரேஞ்சிலேயே சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுப் பெட்டி திறக்கலாம். வேறு அப்பார்ட்மென்ட்டுக்கு மாறினால் மறுபடியும் தாளை எடுத்து வரைபடம் போடுங்கள். வேறு மாநிலத்துக்கு என்றால் பொருட்களைக் கட்டுவதற்கு முன்பே அந்த மாநிலச் சட்டத்தையும் மேகசின் வரம்பையும் பாருங்கள். வழியில் துப்பாக்கி தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில், காரின் டிக்கியில் இருக்கட்டும்.